நீங்களும் வாங்கோவன்

1

நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வகுப்பில் படித்தபோது, நுணல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தவளை என்று வாத்தியார் சொன்னார். இப்போது ஜேர்மனியில், அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில், அது நானேதான் என்று தெரிந்துகொண்டேன்.

விசயம் இதுதான். இந்த ஆவணியோடு வசந்திக்கும் எனக்கும் கலியாணமாகி முப்பது வருடம். நாங்கள் இரண்டு பேரும் அதை நினைக்கவே இல்லை. மகள் ஆரணி நினைத்திருக்கிறாள். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, ஸ்பீக்கரைப் போடுங்கோ, அம்மாவும் கேக்கட்டும். நாங்கள் மூண்டு பேரும் ஒரு கிழமை ஊர்லவுப் போவம். நான் எல்லாம் பாத்திட்டன்."

ஊர்லவுப் என்றால் இங்கே விடுமுறைப் பயணம். எங்கே என்று கேட்டேன். புவெர்த்தவெந்தூரா என்றாள். அந்தப் பெயரை நான் ஒழுங்காகச் சொல்லப் பழகுவதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு. ஆனால் கிடப்பது ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில், அத்திலாந்திக் கடலில். மரம் இல்லை, மழை இல்லை. மணலும் காற்றும் ஆடுகளும்தான்.

"அங்க என்ன பிள்ளை இருக்கு?" என்று வசந்தி கேட்டாள்.

"ஒண்டும் இல்லை அம்மா. அதுக்குத்தான் போறம்."

பிறகு அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "ஆனா ஆருக்கும் சொல்லப்படாது. பெரியப்பா ஆக்களுக்கும் சொல்லப்படாது. மூண்டு பேர் மட்டும்." இதைத் தமிழில் ஒருமுறையும், எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று ஜேர்மன் மொழியில் ஒருமுறையும் சொன்னாள்.

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்" என்றேன்.

ஆரணி எங்களுடைய ஒரே பிள்ளை. வயது இருபத்தேழு. நாங்கள் இருப்பது பான் நகருக்குப் பக்கத்தில். அவள் இருப்பது நாட்டின் மற்றப் பக்கத்தில், லைப்சிக்கில். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துகிற தொழில் பழகி, அங்கே ஒரு கடையில் வேலை செய்கிறாள். டிசம்பரில் நத்தாருக்கு ஒருமுறை, தாயின் பிறந்தநாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். எனக்கும் அவளுக்கும் தொலைபேசியில் உள்ள கதை உங்களுக்குத் தெரிந்த கதைதான். சாப்பிட்டியோ? ஓம். வேலை எப்பிடி? பரவாயில்லை. அங்க குளிரோ? ஓம். இந்தா, அம்மாவோட கதை. பதினாறு வயதுக்குப் பிறகு எங்களோடு எங்கேயும் அவள் பயணம் வந்ததில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை தானாகக் கூப்பிடுகிறாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்தத் தீவில் பின்னேரத்தில் குளிருமோ என்று கேட்டேன்.

2

ஊர்லவுப் என்ற சொல்லை நான் எங்கே கற்றேன் என்று இதை ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் வந்த காலத்தில் அகதி விண்ணப்பம் போட்டவன் தனக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. என்னை ஒரு மாவட்டத்தில் போட்டார்கள். எனக்கு முன்னம் வந்த அண்ணையை அடுத்த மாவட்டத்தில் போட்டிருந்தார்கள். ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அதற்கு வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின் எடுத்து, அதாவது நேரம் குறித்து, வரிசையில் நின்று, ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளுக்குக் கையாலும் காலாலும் பதில் சொல்லி ஒரு துண்டு வாங்க வேண்டும். அந்தத் துண்டை அங்கே இருந்தவர்கள் ஊர்லவுப்ஷைன் என்றுதான் சொன்னார்கள். விடுமுறைச் சீட்டு!

அந்தச் சீட்டோடு போய் இறங்கினால் அண்ணை ஸ்டேஷனில் நிற்பார். எந்த ரயிலில் வருவேன் என்று சொல்ல அப்போது எங்களிடம் தொலைபேசி ஏது? காலையிலிருந்தே நிற்பார். பனிக்குள் நின்று மூக்குச் சிவந்திருக்கும். முகாமில் தன்னுடைய கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுப்பார். அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்த பிறகு அவர் பிரான்சுக்கு மாறிப் போனார். எனக்கு இங்கே விசா கிடைத்தது.

அன்று தொட்டு விடுமுறை என்றால் எனக்கு அண்ணையிடம் போவதுதான். பாரிசுக்குப் போவோம். லண்டனில் வசந்தியின் தங்கை இருக்கிறாள், அங்கே போவோம். கலியாணம், சாமத்தியவீடு, தேர்த்திருவிழா, செத்தவீடு. போகிற வீட்டில் இருபது பேர் நிற்பார்கள். பெண்கள் குசினிக்குள், ஆண்கள் விறாந்தை மாதிரி ஒரு சின்ன பல்கனிக்குள், பிள்ளைகள் நிலத்தில் பாய் விரித்து வரிசையாக.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஜன்னல்களுக்கான பிளாஸ்டிக் சட்டங்கள் செய்கிறோம். ஒவ்வொரு பங்குனி மாதமும் அந்த வருடத்து விடுமுறையைக் குறித்துக் கொடுக்க வேண்டும். என்னுடைய மெசினுக்கு அடுத்த மெசினில் நிற்பவர் டீட்டர். ஒவ்வொரு வருடமும் எங்கே போகிறாய் என்று கேட்பார். நான் பாரிஸ் என்பேன், அல்லது லண்டன் என்பேன். "உனக்கென்னப்பா, சீமான்" என்று பெருமூச்சு விடுவார். ஐஃபில் கோபுரம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டார். பாரிசுக்கு எத்தனையோ தரம் போயும் அதை நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. உயரம் என்று சொன்னேன்.

3

இந்த வருடம் புவெர்த்தவெந்தூரா என்றதும் டீட்டருக்கு என்னைவிடச் சந்தோசம். அவர் அங்கே பலமுறை போனவர். சாப்பாட்டு இடைவேளையில் எனக்குப் பாடம் எடுத்தார். காற்று விடாமல் அடிக்கும், தொப்பிக்கு நாடா வேண்டும். மணல் காதுக்குள் புகும். ஆட்டுப் பாற்கட்டி நல்லது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஆபிரிக்காவிலிருந்து படகுகளில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நீ பயப்படாதே, ஹோட்டல் பக்கம் வர மாட்டார்கள்" என்றார்.

நான் வாயிலிருந்த பாணை விழுங்கிவிட்டு, "நானும் சொல்லாமல் வந்தவன்தானே" என்றேன்.

"நீ வேறு" என்று தோளில் தட்டினார். நல்ல மனிதர், ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. நான் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவன். கடலில் வரவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். அந்த மணலில் துவாயை விரித்துக்கொண்டு படுக்க எனக்கு முடியுமா என்று யோசித்தேன். ஆரணியிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்றும் யோசித்தேன். அவளிடம் இப்படி ஒரு விசயத்தை நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

வீட்டில் வசந்தி வேறு கவலைகளில் இருந்தாள். மிளகாய்த்தூள் கொண்டுபோகலாமோ, ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு என்ன தருவார்கள், கடலில் என்ன உடுப்போடு இறங்குவது. நான் கணினியைத் திறந்து அந்தத் தீவின் காற்றைப் பார்ப்பேன். மூடுவேன். பிறகும் திறப்பேன். பயணப்பெட்டியை நிலவறையிலிருந்து மேலே கொண்டு வந்தேன். இன்னும் அரை வருடம் கிடக்கிறது என்று வசந்தி ஏசினாள். திரும்பக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

"நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை" என்றாள்.

உண்மை என்னவென்றால் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கிழமை, மூன்று பேர், வேறு ஒருவரும் இல்லை. வசந்தியோடு நான் வாழ்ந்தது ஷிஃப்ட் வாழ்க்கை. நான் வர அவள் போவாள், அவள் வர நான் படுப்பேன். லீவு நாட்களில் சுற்றிவர சனம். நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒரு மேசையில் இருந்து என்ன கதைப்பது? சாப்பிட்டியோ என்று கேட்கவும் முடியாது. பக்கத்தில் இருந்து சாப்பிடுவாளே.

4

இனி நான் வாயால் கெட்ட கதை.

சித்திரை மாதத்தில் அண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் பேரன் நடக்கத் தொடங்கியதைச் சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். பிறகு, "ஆவணி கடைசியில அண்ணியின்ர தங்கச்சியின்ர பிள்ளைக்கு நிச்சயார்த்தம், நீங்களும் வாங்கோ" என்றார். அதே கிழமைதான் எங்கள் பயணம். நான் என்ன சொல்வேன்? வேலை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தயாராக இருக்கவில்லை.

"இல்லை அண்ணை, அந்தக் கிழமை நாங்கள் ஒரு தீவுக்குப் போறம்."

"தீவுக்கோ?" அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "எட, நாங்கள் மணல்காட்டில பிறந்தனாங்கள். மணலையும் கடலையும் பாக்கிறதுக்கு நீ காசு குடுத்துப் போறியோ?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, நாக்கு தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"ஓம் அண்ணை. நீங்களும் வாங்கோவன்."

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடைய ஊரில் படலையடியில் நின்று, போட்டு வாறம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவன் போய்விட முடியாது. நீங்களும் வாங்கோவன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாப்பிடும்போது யாராவது வந்தால் சாப்பிடுங்கோவன் என்பது போலத்தான். கேட்டவர், இல்லை, நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ என்பார். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை முடிந்தது.

ஆனால் அதற்குள் ஒரு சட்டமும் உண்டு. கேட்டவர் ஓம் என்று சொல்லிவிட்டால் சொன்னவன் பின்வாங்க முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஒரு வான் வண்டி பிடித்துக் கதிர்காமத்துக்குப் போனது. புறப்படுகிற நேரத்தில் எங்கள் தகப்பனார், ஐயா, அயல்வீட்டுத் தபாலதிபரைப் பார்த்து, நீங்களும் வாங்கோவன் என்றார். மனிதர் உள்ளே போய் உடுப்புப் பையோடும் மனைவியோடும் மண்ணெண்ணெய் அடுப்போடும் வந்து ஏறினார். ஐயா கதிர்காமம் வரைக்கும் வானின் மிதிபலகையில் குந்தியிருந்தார். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கேட்டது நீங்கள்தானே என்று அம்மாவே அவரை வானிலிருந்து இறக்கியிருப்பா.

அண்ணைக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

"நீ கேட்டாப் பிறகு என்ன. நிச்சயார்த்தம் முடிஞ்ச கையோட வாறம்" என்றார். "எல்லாரும் ஒண்டா ஒரு இடத்துக்குப் போய் எவ்வளவு காலம்."

5

பிறகு நடந்தது என் கையில் இல்லை. அண்ணை ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விட மாட்டார். அடுத்த நாளே எடுத்தார். ஹோட்டல் சரிவராது, வீடாக எடுப்பம், குசினி பெரிதாக இருக்க வேண்டும். அவருடைய இரண்டு மகன்மாரும் மருமக்களும் பேரனும் வருகிறார்கள். அண்ணியின் தாயைத் தனிய விட்டுவிட்டு வர முடியாது. லண்டனுக்கும் சொல்லியாகிவிட்டது, வசந்தியின் தங்கை யோசித்துச் சொல்கிறாளாம். ரைஸ் குக்கர் அவர் கொண்டு வருகிறார். இடியப்ப உரலுக்கு நாங்கள் பொறுப்பு.

பெரிய வீடு ஒன்றைப் பதிவுசெய்யப் போனால் அங்கே ஒரு சிக்கல். ஒரே குடும்பம் என்று போட்டால் ஒரு சலுகை இருந்தது. என்னுடைய கடவுச்சீட்டில் ஜேர்மன்காரன் ஐயாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறான். அண்ணையின் கடவுச்சீட்டில் பிரெஞ்சுக்காரன் அவருடைய சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டான். ஒரு வயிற்றில் பிறந்த நாங்கள் கடதாசியில் யாரோ எவரோ. அண்ணை அந்த வீட்டுக்காரியோடு பிரெஞ்சும் ஸ்பானிஷும் கலந்து சண்டை பிடித்து, நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். அதை எனக்குச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த பெருமையைக் கேட்டிருக்க வேண்டும்.

நான் ஆரணிக்குச் சொல்லவில்லை. வசந்திக்கும் சொல்லவில்லை; அவள் தங்கையிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன். இன்றைக்குச் சொல்வேன், நாளைக்குச் சொல்வேன் என்று இருந்தேன். ஏதாவது தடங்கல் வந்து அண்ணையே வரவில்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்தேன். பிள்ளையார் கேட்கவில்லை. அண்ணையின் மூத்தவன் வட்ஸ்அப்பில் குழு ஒன்று தொடங்கி, தீவுக் கோஷ்டி என்று பெயரும் வைத்து, வட்ஸ்அப் இல்லாத வசந்தியைத் தவிர எல்லோரையும் சேர்த்துவிட்டான். ஆரணியையும் சேர்த்துவிட்டான்.

நான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். ஒட்டகத்தின் படம், சமையல்காரர் படம், சிரிக்கிற முகங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆரணி குழுவை விட்டு வெளியேறிவிட்டாள் என்று ஒரு வரி.

அன்று பின்னேரம் அவளே எடுத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்கள் பெரியப்பா ஆக்களோட போங்கோ அப்பா. நான் வரேல்லை."

"பிள்ளை, நான் சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டனான். அவர் ஓம் எண்டிட்டார். பிறகு என்னெண்டு ஏலாது எண்டுறது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏலாது. அதுதான் வரேல்லை எண்டுறன்."

"அவை உனக்கு என்ன செய்தவை? எல்லாருக்கும் உன்னில எவ்வளவு விருப்பம்."

அவள் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். அவளுடைய தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் கோபம் வந்தால் நொண்டும்.

"பெரியம்மா ஏன் டொக்டருக்குப் படிக்கேல்லை எண்டு கேப்பா. எப்ப கலியாணம் எண்டு கேப்பா. அது பரவாயில்லை, நான் சிரிச்சிட்டு இருப்பன். நீங்கள்தான் பிரச்சினை. அவையள் நிண்டால் நீங்கள் வேற ஆள் அப்பா. கதிரையில இருக்க மாட்டீங்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவீங்கள். பெரியப்பா பகிடி விட்டால் விளங்காட்டியும் சிரிப்பீங்கள். அவை என்னைக் கேள்வி கேக்கேக்க நீங்கள் தேத்தண்ணி எடுக்கப் போடுவீங்கள். எனக்கு இருபத்தேழு வயசு. உங்களுக்கு என்ன விருப்பம், எதுக்குப் பயம், ஒண்டும் எனக்குத் தெரியாது. நான் உங்களை ஒரு கிழமை பாக்கோணும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். வெட்கக்கேடு.

"ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

6

இதற்குப் பிறகு வசந்தியிடம் மறைக்க முடியுமா? குசினியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். அவள் கையைக் கழுவினால் விசயம் பாரதூரமானது என்று எனக்குத் தெரியும்.

"இஞ்ச பாருங்கோ. நான் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை" என்றாள். "நான் லண்டனுக்கு ஊர்லவுப் போனதில்லை. லண்டனில சமைக்கப் போனனான். பாரிசுக்கும் சமைக்கத்தான் போனனான். நீங்கள் பல்கனியில நிண்டு அரசியல் கதைச்சனீங்கள்."

"நீயும் விருப்பப்பட்டுத்தானே வந்தனீ?"

"ஓம், விருப்பம்தான். சனத்தோட இருக்க ஆருக்கு விருப்பமில்லை? ஆனா இந்த முறை அந்தப் பிள்ளை கூப்பிட்டது. நான் அந்த ஹோட்டல்ல ஆரோ சமைச்சுத் தாறதைச் சாப்பிட்டுப்போட்டு, கோப்பையைக் கழுவாமல் எழும்பிப் போறதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

என்ன பொய் சொல்லலாம் என்று வாய்விட்டு ஆராயத் தொடங்கினேன். எனக்கு நெஞ்சு நோ என்று சொல்லலாம். தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்று சொல்லலாம். எங்கள் ஆட்களிடம் மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு வழிதான் உண்டு, நல்ல பொய். வசந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு நோ எண்டு சொன்னால் அண்ணை அடுத்த ரயிலில வந்து இஞ்ச நிப்பார்" என்றாள்.

சரிதான். நிற்பார். அதுதான் என்னைப் போட்டு அரித்தது. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். நான் கேட்காத நேரத்திலெல்லாம் வந்து நின்றவரிடம், நானே வாங்கோ என்று கேட்டுவிட்டு, இப்போது வராதேங்கோ என்று எந்த வாயால் சொல்வது? ஐயா மிதிபலகையில் குந்தியிருந்து போனவர். நான் அவருடைய மகன். ஒரு கிழமை அனுசரித்துப் போனால் என்ன? ஆரணி கொஞ்ச நாளில் சமாதானமாகிவிடுவாள். நத்தாருக்கு வருவாள். நான் சாப்பிட்டியோ என்று கேட்பேன், அவள் ஓம் என்பாள். இப்படியே போகும். எவ்வளவு காலம் இப்படியே போகும் என்று யோசித்தபோதுதான் பொய் தேடுவதை நிறுத்தினேன்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம், அண்ணைக்கு எடுத்தேன். வசந்தியை அறைக்குள் இருக்கச் சொன்னேன். அவள் இருந்தால் நான் நடிப்பேன். ஜன்னலடிக்குப் போனேன், கதிரையில் இருந்தேன், எழும்பினேன்.

"என்ன தம்பி, இடியப்ப உரல் எடுத்து வச்சிட்டியோ?" என்றார்.

"அண்ணை, நீங்கள் வர வேண்டாம்."

இப்படியா சொல்வது? எத்தனை விதமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். கடைசியில் கல்லைத் தூக்கிப் போட்டது போல அதுதான் விழுந்தது.

"என்னடா சொல்லுறாய்?"

"ஆரணி எங்களைத் தனிய வரச் சொல்லிக் கேட்டவள். முதலே கேட்டவள். ஆருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவள். நான்தான் வாய் தவறி உங்களைக் கேட்டிட்டன். பிழை என்னிலதான் அண்ணை."

அந்தப் பக்கத்தில் பேரன் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணை அவனைச் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு, வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தனிய எண்டால் என்ன? நாங்கள் பிறத்தி ஆக்களோ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். பிறத்தி என்றால் வெளியாள்; எங்கள் பேச்சில் இதைவிடப் பெரிய அடி இல்லை. ஐயோ அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ, நீங்கள் கட்டாயம் வாங்கோ என்று சொல்லி முடித்துவிட வேண்டும் போல நாக்குத் துடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை அண்ணை. நீங்கள் எனக்குப் பிறத்தி இல்லை, ஒருநாளும் இல்லை. ஆனா அவள் எனக்குப் பிறத்தியாப் போறாள்."

சாத்திய கதவுக்கு அப்பால் பேரன் திரும்பவும் தட்டத் தொடங்கினான்.

"சரி" என்றார் அண்ணை. "பிள்ளையைப் பார்."

தொலைபேசி நின்றது. கோபத்தில் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே அந்த வட்ஸ்அப் குழுவில் அண்ணையின் மூத்தவன், பயணம் இல்லை, வீட்டைக் கான்சல் பண்ணியாச்சு என்று எழுதினான். வேறு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. லண்டனிலிருந்து வசந்தியின் தங்கை எடுத்து, அத்தானுக்கு என்ன பேய் பிடிச்சதோ என்று கேட்டாளாம். அண்ணை பிறகு எடுக்கவில்லை. இரவு நான் எடுத்தபோது அண்ணிதான் கதைத்தா. அவர் குளிக்கிறார் என்றா.

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் நின்றேன். அறுபது வயது ஆம்பிளை முகம் கழுவுகிற சத்தம் அதிக நேரம் கேட்டால் வீட்டில் உள்ளவளுக்கு விளங்காதா? வசந்தி கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது தேத்தண்ணி மேசையில் இருந்தது.

8

ஆரணிக்கு மறுநாள்தான் எடுத்தேன். அவளை வரச் சொல்லி நான் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். நடந்ததைச் சொல்வது மட்டும்தான். வரவில்லை என்றால் வசந்தியும் நானும் போய் அந்தக் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

அவள் கடை பூட்டி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பின்னால் டிராம் போகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை, பெரியப்பா ஆக்கள் வரேல்லை" என்றேன்.

"ஏன், என்ன நடந்தது? ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லை. நான் வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன். மூச்சு மாறியது.

"என்ன சொல்லிச் சொன்னனீங்கள்? அம்மாவுக்கு வருத்தம் எண்டோ?"

"இல்லை. உள்ளதைச் சொன்னனான். நீ தனியக் கேட்டனீ எண்டும், நான்தான் பிழை விட்டனான் எண்டும்."

"பெரியப்பாவிட்டையோ?" அவள் நம்பவில்லை. "நீங்களோ?"

"ஓம்."

"அவர் என்ன சொன்னவர்?"

"பிள்ளையைப் பார் எண்டவர்."

அதைக் கேட்டதும் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பெரியப்பா பாவம் என்றாள். தன்னால்தான் என்றாள். இல்லை, உன்னால் இல்லை என்றேன். அவர் கோபமோ என்று கேட்டாள். தெரியாது, இன்னும் கதைக்கவில்லை, கதைப்பாரோ என்றும் தெரியாது என்றேன். இவ்வளவு நீளமாக நாங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைத்தது எனக்கு நினைவில்லை. வசந்தி கதவடியில் வந்து நின்றாள், ஆனால் தன்னிடம் தரச் சொல்லிக் கையை நீட்டவில்லை.

"அப்பா, நீங்கள் அழுதனீங்களோ?"

சீச்சீ, எனக்கென்ன என்று சொல்லத்தான் வாய் போனது. இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஐயா செத்த செய்தி வந்த அன்றும், அவள் லைப்சிக்குக்குப் பெட்டியோடு போன அன்றும் அப்படித்தான் சொன்னேன்.

"ஓம்" என்றேன். "அழுதனான். எனக்கு இப்பவும் பயமாக் கிடக்கு பிள்ளை. அங்க வந்து உன்னோட என்ன கதைக்கிறதெண்டும் எனக்குத் தெரியாது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஒரு டிராம் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அதில் ஏறவில்லை.

"நான் இதைத்தான் கேட்டனான் அப்பா" என்றாள். "மணலை இல்லை."

பிறகு, "நானும் வாறன்" என்றாள்.